கந்தகம் மாட்டாத சர்க்கரை

முதலில் நான் குற்றம் சொன்னது பிலிம் கழுவுகிற மருந்தைத்தான்.

துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொதிகலன் குழாய்களில் போட்ட வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து எங்களிடம் கொண்டு வருவார்கள். அந்த பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா, கீறல் ஓடியிருக்கிறதா என்று பார்த்து, தேறியது அல்லது தேறாதது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நடுவில் மஸ்கட்டில் இருந்த இரண்டு வருடமும் இதே வேலைதான். தலைமுடி அளவு கீறலைக்கூட செல்வம் விடமாட்டான் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் பிலிம்கள் எல்லாம் மூட்டமாக வர ஆரம்பித்தன. கழுவுகிற மருந்து பழசானால் அப்படி வரும். மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மூட்டம் போகவில்லை. மறுபடி மாற்றச் சொன்னேன். இருட்டறைக் கதவில் இடுக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை நான் கத்தியபோது, பக்கத்து மேஜையில் பிலிம் பார்க்கிற ஸ்டெல்லா எழுந்து வந்தார். என்னைவிட இரண்டு வருடம் சீனியர்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பிலிம் நல்லாத்தான் இருக்கு."

"எது நல்லா இருக்கு? பால் ஊத்துன மாதிரி இருக்கு, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பெட்டி வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். "எனக்கு அப்படித் தெரியலை. நாலு நாளா நீங்க நல்ல பிலிமை எல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. போய்க் கண்ணைக் காட்டுங்க சார். அதுவரைக்கும் உங்க பிலிம் கட்டையும் நானே பாத்துடறேன்."

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வெயிலைப் பார்த்தால் கண் கூசுவது பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. பிரேயரில் நிற்கும்போது கண்ணைச் சுருக்குவேன், முறைக்கிறான் என்று அடி வாங்கியிருக்கிறேன். வருடா வருடம் கண்ணாடி மாற்றினேன். கண்ணாடிக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "பவர் கொஞ்சம் ஏறியிருக்குங்க" என்பார். அதோடு சரி.

மறுநாள் தென்னூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். கூட என் மனைவி புவனா. கண் மருத்துவமனையில் காத்திருப்பது மற்ற ஆஸ்பத்திரி மாதிரி இல்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கண் பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு மருந்தை ஊற்றி, "மூடிக்குங்க, கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முப்பது நாற்பது பேர் வரிசையாகத் தூங்குகிற மாதிரி இருக்கும். ஆனால் அத்தனை காதும் விழித்திருக்கும். யாருடைய டோக்கன் நம்பர் வந்தாலும் எல்லாத் தலையும் நிமிரும்.

முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். மேலே மூன்று வரி படித்தேன். நான்காவது வரி ஊர்ந்தது. பிறகு டாக்டர் என்னை ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்து, தாடையை ஒரு தாங்கலில் வைக்கச் சொன்னார். கோடு மாதிரி மெல்லிய வெளிச்சத்தைக் கண்ணின் மேல் நகர்த்தி, பூதக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். கருவிழியைக் கத்தியால் அரிந்து பக்கவாட்டில் பார்த்த மாதிரி அவர்களுக்குத் தெரியுமாம். அவர் நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு கண். பிறகு மறுபடி முதல் கண்.

"சார், உங்க அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களா?"

கண்ணைப் பார்த்துவிட்டு அப்பா அம்மா கல்யாணத்தைக் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். "ஆமாங்க டாக்டர். எங்க அம்மா எங்க அப்பாவுக்கு மாமன் மகள்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போட்டார். சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடாம். "உங்களோட பிறந்தவங்க?"

"ஒரு அக்கா. ஸ்ரீரங்கத்துல இருக்காங்க."

"அவங்களுக்குக் கண் எப்படி?"

"தெரியலைங்க டாக்டர்" என்றேன். புவனா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஆறு வருடமாக நானும் அக்காவும் பேசுவதில்லை என்பதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

நோயின் பெயர் மேக்குலர் கார்னியல் டிஸ்ட்ரோபி. கண்ணுக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழிக்குள் சாம்பல் நிறப் புள்ளிகள் விழுந்து, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மூட்டம் போடுகிற பரம்பரை வியாதி. கண்ணாடி போட்டுத் தீராது, சொட்டு மருந்தில் கரையாது. கருவிழியை மாற்றத்தான் வேண்டும்.

பயம் இல்லாமல் இல்லை. கண் போனால் வேலை போனது. ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வெல்டிங் தேறவில்லை என்றால், ஏன் தேறவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. "எதனால டாக்டர் மூட்டம் போடுது? உள்ள என்ன சேருது?" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இன்னும் நாற்பது பேர். ஆனாலும் சொன்னார். "கருவிழிக்குள்ள மெல்லிய நார் எல்லாம் ஒரே இடைவெளியில அடுக்கி வச்சிருக்கும். அந்த இடைவெளி மாறாம இருந்தாத்தான் வெளிச்சம் தடங்கல் இல்லாம உள்ள போகும். இடைவெளியைக் காப்பாத்துறது ஒரு விதமான சர்க்கரைச் சங்கிலி. நாம சாப்பிடுற சர்க்கரை இல்லை. உடம்பே கோத்துக்கிற நீளமான சர்க்கரை. அந்தச் சங்கிலியில அங்கங்க சல்பேட் மாட்டியிருக்கணும். மாட்டியிருந்தாத்தான் தண்ணியில கரைஞ்சு, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். மாட்டலைன்னா கரையாம அங்கேயே கட்டிக்கும். அதுதான் உங்க கண்ணுல வெள்ளையா நிக்குது."

"யாரு மாட்டுறது?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "ஒரு என்சைம். அந்த வேலைக்குன்னே இருக்கு. அதை எப்படிச் செய்யணும்னு எழுதி வச்சிருக்கிற மரபணுவுக்குப் பேரு சி.எச்.எஸ்.டி-6. அதுல உங்களுக்குப் பிழை இருக்கும்னு நினைக்கிறேன்."

சல்பேட் என்றால் கந்தகம். எங்கள் தொழிலில் கந்தகம் எதிரி. இரும்பில் கந்தகம் கூடினால் வெல்டிங் ஆறுகிறபோதே நடுவில் வெடித்துக்கொள்ளும். பதினாறு வருடமாக கந்தகம் கூடிப்போனதால் வந்த கீறலைத் தேடித் தேடிப் பிடித்தவனுக்கு, கந்தகம் குறைந்துபோனதால் கண் மறைந்தது என்றால்? வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். புவனா என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தாள். இறங்கும்போது கேட்டாள், "ஏங்க, சிரிக்கிறீங்களா அழுவுறீங்களா?"

எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். அன்று சாயந்திரமே தெருவுக்குச் சேதி போய்விட்டது. 'கண்ணில் சர்க்கரை' என்பது மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் 'சுகர் வந்து கண் போச்சு' என்று ஆகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வெந்தயப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் பாகற்காய். டாக்டர் சொன்னதைக் கூடவே இருந்து கேட்ட புவனாவே மறுநாள் காபியில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிட்டாள்.

"அது வேற சர்க்கரை, புவனா."

"இருக்கட்டும். குறைச்சா ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

மரபணுப் பரிசோதனை அறுவை சிகிச்சைக்கு அவசியம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்காகவும் உடன்பிறந்தவர்களுக்காகவும் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். கம்பெனி இன்சூரன்ஸில் அது வராது. நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து புவனாவே ஆரம்பித்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருக்குல்ல? தூக்கத்துல கூட சல்பேட்டுன்னு உளர்றீங்க. பண்ணிருங்க." பீரோவுக்கு என்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அந்த பீரோ இன்னும் வாங்கவில்லை.

ஒரு சின்னக் குழாய் ரத்தம். முடிவு வர ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் நான் நினைத்தது என் கண்ணைப் பற்றி அல்ல. அக்காவைப் பற்றி.

அதைச் சொல்ல வேண்டும். நான் மஸ்கட்டில் இருந்தபோது அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. அக்கா வசந்தாதான் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கடைசி வாரத்தில் போன் செய்து, "கிளம்பி வாடா" என்றாள். லீவு தரவில்லை என்று சொன்னேன். நான் வந்து இறங்கியபோது அம்மா போய் மூன்று நாள் ஆகியிருந்தது. கொள்ளி வைத்தது அக்கா மகன். அக்கா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து நான் ஊரோடு திரும்பிவிட்டேன். அதன்பின் தென்னூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா படியேறி வந்தாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். நான் "வாக்கா" என்று வாயைத் திறப்பதற்குள் என்னைக் கடந்து உள்ளே போய்விட்டாள். அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்தார்கள். அன்றைக்கே நான் சாப்பிடாமல் திரும்பினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது யோசித்தேன். என்னோடு பிறந்தவள். அதே அப்பா, அதே அம்மா, அதே இரட்டைக் கோடு. அவளுக்கும் இந்த வியாதி இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெயிலில் இருந்து மண்டபத்துக்குள் ஏறி வந்தவளுக்கு என் முகம் வெறும் வெள்ளையாகத் தெரிந்திருந்தால்? நானே அந்த மாதங்களில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு நண்பர்களைக் கவனிக்காமல் போய், "என்னப்பா பெரிய ஆள் ஆயிட்டே" என்று பேச்சு வாங்கியிருந்தேன். ஆறு வருடக் கோபமும் ஒரு என்சைமின் வேலையாக இருந்துவிட்டால்? எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அவளுக்கு அந்த வியாதி இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

அக்கா கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சில் யார் வாயை அசைத்தாலும் கரும்பலகைப் பக்கம் இருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதை அந்த நாட்களில் வசதியாக மறந்துவிட்டேன்.

ரிப்போர்ட் வந்தது. பத்து பக்கம். ஒன்பது பக்கத்தைத் தள்ளிவிட்டு டாக்டர் ஒரு வரியைக் காட்டினார். பதினாறாவது குரோமோசோமில் இருக்கிற அந்த மரபணுவில், வேலைக்கான செய்முறை ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. அதில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. எல்லோருக்கும் எந்த மரபணுவும் இரண்டு பிரதி உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டிருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். எனக்கு இரண்டிலும் அதே இடத்தில் அதே பிழை. "உங்க அப்பா அம்மாவுக்குப் பொதுவா ஒரு முன்னோர் இருந்திருக்காங்க இல்லையா, அவங்ககிட்ட இருந்து ரெண்டு வழியா இறங்கி வந்து உங்ககிட்ட சேர்ந்திருக்கு" என்றார்.

அன்று கூட வந்தது என் மகள் அபி. பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு, டாக்டர்?"

"உனக்கு அப்பாகிட்ட இருந்து ஒரு பிழைப் பிரதி கண்டிப்பா வந்திருக்கும். ஆனா உங்க அம்மா சொந்தம் இல்லை. அவங்ககிட்ட இருந்து வந்தது சரியா இருக்கும்னுதான் எதிர்பார்க்கிறோம். உன் கண்ணையும் பார்த்துட்டேன், சுத்தமா இருக்கு."

அபி வெளியே வந்ததும் கேட்டாள், "அப்பா, அந்த ஒரு எழுத்து முதல்ல யாருக்குத் தப்பாப் போச்சு? அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்குமா?" கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போனேன். காவிரியில் தண்ணீர் ஓடியது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பாலத்தைத் தாண்டும்போது எனக்குத் தெரிந்தது வெள்ளைப் பளபளப்பு மட்டும். அம்மா மண்டபம் சாலையில் அக்காவின் பிளாட். கதவைத் திறந்தது அக்காதான். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

"வா" என்றாள். பிறகு, "செருப்பை அங்க விடு. காலை பாத்து வை, மேட்டு நிலை."

நான் வாசல்படியில் தடவுவதைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சர்க்கரைச் சங்கிலி, கந்தகம், எழுத்துப் பிழை. அத்தான் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தார். டம்ளரை நான் சரியாகப் பிடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

"உனக்கும் பாத்துடலாம்க்கா. உனக்கு வெளிச்சம் கூசுதா? தூரத்துல இருக்கிற ஆள் தெரியுதா?"

"வயசுக்குத் தக்க இருக்கு" என்றாள். பிறகு, "வரேன். எப்பன்னு சொல்லு."

வியாழக்கிழமை வந்தாள். அதே கருவி, அதே வெளிச்சக் கோடு. நான் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "கண்ணாடி மாதிரி இருக்குங்கம்மா உங்க கருவிழி. இந்த வியாதி உங்களுக்கு இல்லை. இருந்திருந்தா இந்த வயசுல நல்லாவே தெரியும். வேணும்னா ரத்தம் குடுத்துட்டுப் போங்க, ஒரு பிரதி உங்ககிட்டயும் இருக்கான்னு பாத்துக்கலாம்."

"எடுத்துக்குங்க" என்று அக்கா கையை நீட்டினாள்.

வெளியே வந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு நாற்காலி கிடைத்தது. பஞ்சை முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தியபடி அக்கா கேட்டாள். "நீ எதுக்கு இவ்வளவு தூரம் வந்து என்னைக் கூட்டிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியும்டா. தென்னூர் கல்யாணம்தானே?"

நான் தலையை ஆட்டினேன்.

"பாத்தேன். நல்லாப் பாத்தேன். நீலச் சட்டை போட்டிருந்தே. பாத்துட்டுத்தான் போனேன்."

சொல்லிவிட்டு எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

அதன்பிறகு மூன்று வாரம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கருவிழிக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்தேன். இறந்தவர்களின் குடும்பத்தார் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. கிடைத்தால் சில நாட்களுக்குள் பொருத்திவிட வேண்டும். அதனால் எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும், தயாராக இருங்கள் என்றார்கள். யாரோ ஒருவர் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால்தான் எனக்கு போன் வரும் என்று நினைக்கும்போது போனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஸ்டெல்லா தினம் ஒரு தடவை கூப்பிட்டு, அன்று பார்த்த பிலிம்களில் என்ன இருந்தது என்று ஒப்பிப்பார். "உங்க இடத்துல யாரையும் உட்கார வைக்கலை சார்" என்று முடிப்பார்.

அழைப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, அபிக்கு செய்முறைத் தேர்வு தொடங்கும் அன்று. "பத்து மணிக்குள்ள வந்துருங்க சார், வெறும் வயித்தோட." புவனா ஒரு துணிக்கடையில் தையல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு நாள் லீவு போடலாம், பத்து நாள் முடியாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் அடுப்படியில் யாருடனோ போனில் பேசுவது கேட்டது. "ஆமாங்க அண்ணி... இன்னைக்குத்தான்... சரிங்க அண்ணி." நாங்கள் தென்னூர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அக்கா மருத்துவமனை வாசலில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாளாம். புவனா சொன்னாள்.

கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். நினைவோடுதான் இருந்தேன். வெளிச்சம் தெரிந்தது, வலி இல்லை. பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கேள்விகளை எல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கருவிழியின் நடுவில் வட்டமாக ஒரு வில்லையை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் வேறொருவரின் வில்லையை வைத்துத் தைக்கிறார்கள். பதினாறு தையல். முடியைவிட மெல்லிய நூல். "எடுத்தாச்சு" என்று டாக்டர் சொன்ன அந்தக் கணம் என் கண்ணுக்கு முன்கதவே இல்லை. அதை நினைத்து உள்ளங்கால் கூசியது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல் கலங்கி நெளிந்தது. ஆனால் வெள்ளை இல்லை. கலங்கல் வேறு, மூட்டம் வேறு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் சிவப்பு, சிவப்பாகவே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்டி எடுத்த என் வில்லையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டேன். யாரும் அதைக் கேட்டதில்லையாம். ஒரு வாரம் கழித்து டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். கந்தகம் மாட்டாமல் போன அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்காட்ட நீலச் சாயம் போடுவார்களாம். திட்டுத் திட்டாக நீலம். முப்பத்தெட்டு வருடமாகச் சேர்ந்த என் மூட்டம், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"புதுசுல இது சேராதா டாக்டர்?"

"அந்த வில்லையில இருக்கிற செல் எல்லாம் அவங்களோடது. அவங்க மரபணுவுல பிழை இல்லை. அதனால அந்த வட்டத்துக்குள்ள வேலை ஒழுங்கா நடக்கும். ரொம்ப வருஷம் கழிச்சு உங்க செல் ஓரத்துல இருந்து உள்ள நகர்ந்து வந்தா மறுபடி கொஞ்சம் வரலாம். அப்ப பாத்துக்கலாம்."

யாருடையது என்று சொல்லமாட்டார்கள். பெயர் தெரியாத அந்த மனிதர் எனக்காக இன்றைக்கும் கந்தகம் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா தினமும் வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்கு வந்து, சாயந்திரம் புவனா வந்ததும் கிளம்புவாள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, "மேல பாரு" என்பாள். சொட்டு விழும். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். மூன்று நாள் அப்படித்தான் போனது.

நாலாம் நாள் பகல், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டேன். கண் மூடியிருந்ததால் சொல்ல முடிந்தது.

"அக்கா. எனக்கு லீவு கிடைச்சுது. நீ போன் பண்ண மறுநாளே குடுத்துட்டாங்க. நான்தான் கிளம்பலை. அம்மாவை அப்படிப் பாக்க பயமா இருந்துச்சு. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு ரூம்லயே உட்காந்திருந்தேன்."

மருந்து பாட்டிலை மூடுகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றாள். "உன்கூட ரூம்ல இருந்த லால்குடிக்காரர் அந்த வருஷமே ஊருக்கு வந்தப்ப சொன்னார். போட்டுக் குடுக்கணும்னு சொல்லலை பாவம், எனக்கு ஏற்கெனவே தெரியும்னு நினைச்சுட்டார். அதுக்கு அப்புறம்தான் தென்னூர் கல்யாணம்."

இத்தனை மாதமும் நான் டாக்டரைக் குடைந்த கேள்விகள் நினைவுக்கு வந்தன. சர்க்கரை எப்படிக் கட்டுகிறது, எந்த எழுத்து மாறியது, நீலச் சாயத்தின் பெயர் என்ன? அம்மாவின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று இதுவரை அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அன்னைக்கு என்னக்கா நடந்துச்சு? சொல்லு."

அவள் அடுத்த பாட்டிலை எடுத்துத் திறந்தாள். பிறகு சொன்னாள். "இப்ப வேணாம். நீ அழுவே. கண்ணைக் கசக்குவே. பதினாறு தையல் போட்டிருக்காங்க. முதல்ல தையல் பிரிக்கட்டும். மேல பாரு."

இரண்டாவது மருந்து விழுந்தது.

இரண்டு மாதத்தில் பிலிம் தவிர மற்ற வேலைகளுக்கு ஆபீஸ் போனேன். ஆறு மாதத்தில் கண்ணாடியோடு கீழ் வரிகளைப் படித்தேன். வெளிச்சப் பெட்டியின் முன்னால் மறுபடி உட்கார்ந்த முதல் நாள், நான் பார்த்த ஒவ்வொரு பிலிமையும் ஸ்டெல்லா எனக்குத் தெரியாமல் திரும்பப் பார்த்தாராம். பிறகுதான் சொன்னார். "ஒண்ணுகூடத் தப்பில்லை சார். நானே ஒரு குமிழியை விட்டிருந்தேன்." இன்னொரு கண் இன்னும் மூட்டமாகத்தான் இருக்கிறது. அதற்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அக்காவின் ரத்த முடிவும் வந்திருந்தது. அவளிடம் ஒரு பிரதி பிழை, ஒரு பிரதி சரி. மகனுக்குச் சொந்தத்துக்கு வெளியில் பெண் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

ஓராண்டு கழித்து முதல் நான்கு தையலைப் பிரித்தார்கள். பிரித்துவிட்டு, அரைமணி நேரம் வெளியே உட்காருங்கள், மறுபடி பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார் டாக்டர். அதே வரிசை நாற்காலிகள், கண் மூடிய அதே கூட்டம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை அவள் முகம் எனக்குத் தெரிந்தது. நெற்றியோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

நான் கேட்கவில்லை. அவளாகவே தொடங்கினாள்.

"அன்னைக்குக் காலையில அம்மா நல்லாத்தான் இருந்துச்சுடா. ரெண்டு நாளா சோறே இறங்கலை. அன்னைக்கு மட்டும் கண்ணு முழிச்சதும் இட்லி வேணும்னு கேட்டுச்சு..."

"செல்வம்! செல்வம் யாருங்க? உள்ள வாங்க" என்று சிஸ்டர் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டுப் பையை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அடுத்தவங்களை அனுப்புங்க சிஸ்டர். நான் அப்புறமா வரேன்."

சிஸ்டர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். நான் அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"இட்லி கேட்டுச்சு. அப்புறம்?"